ஆய்வகப் பாதுகாப்பு: கையுறைக்கு முன்னால் வருபவை

ஆய்வகங்களில் திரவத்தை வாயால் உறிஞ்சி அளந்த காலம் ஒன்று இருந்தது. கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை ரத்த சீரத்திலோ அமிலத்திலோ கிருமி வளர்ந்த கரைசலிலோ அமிழ்த்துவார்கள். மறுமுனையை உதட்டில் வைத்து, குழாயில் போட்டிருக்கும் கோடு வரும்வரை மெல்ல உறிஞ்சுவார்கள். கண நேரம் கவனம் சிதறினால் குழாயில் இருந்தது வாய்க்குள் வந்துவிடும். டைஃபாய்டு கிருமியை இப்படி விழுங்கி நோயில் படுத்த ஊழியர்கள் உண்டு. பல தலைமுறைகளாக இதற்குப் பெரும்பாலும் நம்பியிருந்த பாதுகாப்பு, "பார்த்து உறிஞ்சு" என்ற அறிவுரைதான்.

1957இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் என்ற இளம் ஆய்வாளர், இந்த வேலையில் வெறுப்புற்று, கட்டைவிரலால் அழுத்தி இயக்கும் சுருள்வில் பிப்பெட் (திரவத்தை அளந்தெடுக்கும் கருவி) ஒன்றைத் தானே செய்தார். இன்று ஆய்வக மேசைகளில் வரிசையாக நிற்கும் மைக்ரோபிப்பெட்டுகளுக்கு அதுவே மூதாதை. அந்தக் கருவி பரவப் பரவ, வாயால் உறிஞ்சும் பழக்கம் மறைந்தது. இப்போது ஆய்வகப் பாதுகாப்பு விதிகள் பொதுவாக அதைத் தடை செய்கின்றன. ஊழியர்கள் திடீரென்று அதிகக் கவனசாலிகள் ஆகிவிடவில்லை. கவனம் தவறினாலும் வாய்க்குள் எதுவும் போக வழியில்லாமல் வேலையின் அமைப்பே மாறியது.

ஆய்வக ஊழியர் பாதுகாப்பைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இதிலிருந்தே தொடங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவரிடம் ஒரு ஜோடி கையுறையும் ஒரு வெள்ளை அங்கியும் கொடுத்து "கவனமாக இருங்கள்" என்று சொன்னால் பாதுகாப்பு முடிந்துவிட்டதாக நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அவை வரிசையில் கடைசியில் வருபவை.

ஐந்து படிகள்

பணியிடப் பாதுகாப்புத் துறையில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அபாயக் கட்டுப்பாட்டுப் படிநிலை என்று சொல்லலாம். எந்த அபாயத்தைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்த வேலையே தேவையா, இதை நீக்கிவிட முடியுமா என்பது. முடியாது என்றால், அபாயம் குறைந்த வேறொன்றை அதன் இடத்தில் வைக்க முடியுமா? அதுவும் முடியாது என்றால், மனிதனுக்கும் அபாயத்துக்கும் நடுவே ஒரு கருவியை, ஒரு பெட்டியை, ஒரு காற்றோட்டத்தை நிறுத்த முடியுமா? நான்காவதாகத்தான் விதிமுறை, பயிற்சி, தடுப்பூசி, எச்சரிக்கைப் பலகை எல்லாம் வருகின்றன. ஐந்தாவது, உடலின் மேல் அணிபவை: கையுறை, கண்ணாடி, முகக்கவசம், அங்கி.

ஏன் இந்த வரிசை? மேலே உள்ள படிகள் மனிதனின் நினைவாற்றலை நம்பியிருப்பதில்லை. இரவுப் பணியில் களைத்திருந்தாலும், காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றுடன் நாற்பது பேர் வரிசையில் நின்றாலும், அவை வேலை செய்யும். கீழே போகப் போக, ஒவ்வொரு முறையும் ஒருவர் சரியாகச் செய்தாக வேண்டும். ஒரு நாளைக்கு நூறு முறை சரியாகச் செய்பவரும் ஒருமுறை தவறுவார். அது மனித இயல்பு. அந்த ஒரு தவறு உயிரைக் கேட்காதபடி ஏற்பாடு செய்வதுதான் நிர்வாகத்தின் வேலை.

கையுறையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வேதியியலாளர்கள் இன்றும் நினைவுகூரும் நிகழ்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கேரன் வெட்டர்ஹான், நச்சு உலோகங்கள் உயிரணுவை எப்படித் தாக்குகின்றன என்பதை ஆராய்ந்த நிபுணர். 1996 ஆகஸ்ட் 14 அன்று அவர் டைமெதில்மெர்குரி என்ற பாதரசச் சேர்மத்தைக் கையாண்டார். பாதுகாப்பில் அவர் குறை வைக்கவில்லை. நச்சுக்காற்றை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்டுக்குள் வைத்தே வேலை செய்தார். கையுறையும் கண்ணாடியும் அணிந்திருந்தார். பிப்பெட்டிலிருந்து ஓரிரு துளிகள் கையுறையின் மேல் விழுந்தன. கையுறையைக் கழற்றினார், கையைக் கழுவினார், வேலையை முடித்தார். அவ்வளவுதான்.

சுமார் ஐந்து மாதம் கழித்து அவருக்கு நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. ரத்தத்தில் பாதரசம் அபாய அளவைப் பலமடங்கு தாண்டியிருந்தது. 1997 ஜூன் 8 அன்று, 48 வயதில் இறந்தார். பிறகு சோதித்துப் பார்த்தபோது தெரிந்தது: சாதாரண லேடெக்ஸ் கையுறையை அந்தத் திரவம் சில நொடிகளில் ஊடுருவிவிடுகிறது. அன்று நடைமுறையில் இருந்த அறிவுரைப்படியே நடந்த ஒருவரை அந்தக் கையுறை காப்பாற்றவில்லை.

அவர் அதைப் பயன்படுத்தியதே ஒரு கருவியில் பாதரச அளவீட்டுக்கான ஒப்பீட்டுப் பொருளாகத்தான். அந்த இடத்தில் ஆபத்துக் குறைந்த வேறு பாதரசச் சேர்மங்களைப் பயன்படுத்த முடியும். அவருடைய மரணத்துக்குப் பின் வந்த பரிந்துரைகளில் முக்கியமானது அதுவே. தடித்த பல அடுக்குக் கையுறை பற்றிய பரிந்துரையும் வந்தது. ஆனால் "இந்தப் பொருள் இங்கே இருக்க வேண்டுமா?" என்ற கேள்வி அதற்கு முன்னால் நிற்கிறது. நம்மூர்க் கல்லூரி ஆய்வகங்களிலும், யாரும் பல ஆண்டுகளாகத் தொடாத, மேல்தாள் மங்கிப்போன பாட்டில்கள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை முறையாக அப்புறப்படுத்துவது, புதிய கையுறைப் பெட்டி வாங்குவதைவிடப் பெரிய பாதுகாப்பு.

எந்தப் பக்கம் காற்று வீசுகிறது?

மூன்றாம் படியில் புதியவர்கள் பெரிதும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ஆய்வகத்தில் முன்பக்கம் கண்ணாடித் தடுப்பு வைத்த, விளக்கெரியும், இரையும் பெட்டிகள் மூன்று வகை. பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். வேலை வேறு வேறு.

ஃபியூம் ஹூட் வேதிப்பொருள்களுக்கானது. அறைக் காற்றைத் தன்னுள் இழுத்துக் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் ஆவி உங்கள் மூக்குக்கு வராது. ஆனால் கிருமிகளை வடிகட்ட அதில் பொதுவாக ஏற்பாடு கிடையாது.

லாமினார் ஏர்ஃப்ளோ என்ற மேசை, வடிகட்டிய தூய காற்றை வேலைப் பொருளின் மேல் வீசுகிறது. பல மாதிரிகளில் அந்தக் காற்று நேராக உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்குத்தான் வருகிறது. திசு வளர்ப்புக்கும் தூய ஊடகம் தயாரிக்கவும் அது பொருத்தமானது, ஏனென்றால் அது காப்பாற்றுவது பொருளை, ஆளை அல்ல. அதில் நோயாளியின் சளியையோ கிருமி வளர்ப்புத் தட்டையோ வைத்துத் திறந்தால் கிருமியை மின்விசிறி வைத்து முகத்தில் அடித்துக்கொள்வதற்குச் சமம். "ஹூட்" என்ற ஒரே பெயரால் எல்லாவற்றையும் அழைக்கும் பழக்கத்தால் இந்தத் தவறு நடக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் அதுதான்.

மூன்றாவது, கிருமிகளைக் கையாள்வதற்கான பயோசேஃப்டி கேபினெட். இரண்டாம் வகுப்பு கேபினெட்டில் முன்வாயிலில் காற்று உள்நோக்கி இழுபடுகிறது. மேலிருந்து வடிகட்டிய காற்று வேலைத்தளத்தில் இறங்குகிறது. வெளியேறும் காற்றும் ஹெப்பா வடிகட்டி வழியாகவே போகிறது. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 விழுக்காட்டையாவது பிடிக்கக்கூடியது அந்த வடிகட்டி. ஆளும் பொருளும் சுற்றுப்புறமும் ஒருங்கே காக்கப்படுவது இதில் மட்டுமே.

ஆனால் அந்தக் காற்றுத் திரை மெல்லியது. முன் விளிம்பில் துளைகள் கொண்ட ஒரு பட்டை இருக்கும்; அதன் வழியாகத்தான் காற்று உள்ளே இழுபடுகிறது. அந்தப் பட்டையின் மேல் பதிவேட்டை வைத்துக்கொண்டு எழுதினால், அல்லது முழங்கையை ஊன்றிக்கொண்டால், அந்த இடத்தில் திரை கிழிந்துவிடும். கையை வேகமாக வெளியே எடுத்தாலும், பின்னால் ஒருவர் விரைந்து நடந்தாலும் காற்று கலையும். நம் ஊர் வெக்கையில் கேபினெட்டுக்கு நேர் மேலே சீலிங் ஃபேன் சுழல்வதும், பக்கத்தில் நிற்கும் பெடஸ்டல் ஃபேன் அதன் வாய்க்கு எதிராக வீசுவதும் உண்டு. பெரும் பணம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பை ஒரு மின்விசிறி வீணாக்கிவிடுகிறது. கதவிலிருந்தும் ஏசி காற்றிலிருந்தும் விலகிய மூலையில் கேபினெட்டை வைக்க வேண்டும். வேலைக்குச் சில நிமிடங்கள் முன்பே ஓடவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது வடிகட்டியையும் காற்று வேகத்தையும் தகுந்தவர்களைக் கொண்டு சோதித்துச் சான்று பெற வேண்டும்.

எல்லா வேலைக்கும் இந்தப் பெட்டி வேண்டும் என்பதும் இல்லை. காசநோய்ப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பதை, நல்ல காற்றோட்டம் உள்ள அறையில் திறந்த மேசையில் செய்யலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே சளியிலிருந்து கிருமியை வளர்த்தெடுக்கும்போது அபாயம் பலமடங்கு உயர்கிறது. அங்கே கேபினெட் கட்டாயம். நோயாளி இருமிச் சளியை எடுப்பது ஆய்வகத்துக்குள் நடக்காமல், வெளியே திறந்த வெளியில், வெயிலும் காற்றும் படும் இடத்தில் நடந்தால் செலவே இல்லாமல் ஒரு பெரிய அபாயம் நீங்கிவிடுகிறது. எந்த இயந்திரமும் தேவைப்படாத முதல் படி அது.

குழாய்களை வேகமாகச் சுழற்றித் திரவத்தின் பகுதிகளைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் பற்றி ஒரு வார்த்தை. சுழலும்போது குழாய் உடைந்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் மூடிக்குள் நிறைந்திருக்கும். உடைந்த சத்தம் கேட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பதற்றத்தில் உடனே திறப்பதுதான் எல்லாருக்கும் வரும் முதல் உந்துதல்.

ஒரு ஊசி, ஒரு குழாய், இரண்டு கைகள்

தமிழ்நாட்டில் ஆய்வக ஊழியர் என்றால் பெரும்பாலும் மருத்துவ ஆய்வக நுட்பநர்தான். அவருடைய அன்றாட அபாயம் வெடிவிபத்தோ அரிய நஞ்சோ இல்லை; கையில் இருக்கும் ஊசி.

ரத்தம் எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பாருங்கள். சிரிஞ்சில் ரத்தம் இருக்கிறது. ஊதா மூடிக் குழாய் ஒன்று, சிவப்பு மூடிக் குழாய் ஒன்று. மூடியைத் திறந்து ஊற்ற நேரமில்லாமல், குழாயை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஊசியை ரப்பர் மூடியில் குத்துகிறார். ஊசி சறுக்கினால் அது போகும் இடம் இடது கையின் ஆள்காட்டி விரல். பிறகு ஊசியின் பிளாஸ்டிக் உறையை ஒரு கையிலும் சிரிஞ்சை மறு கையிலும் பிடித்து மூடுகிறார். உறையின் வாய் சில மில்லிமீட்டர் அகலம்தான். வரிசையில் அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பார்வை ஒரு கணம் அங்கே போகிறது. ஊசிக்குத்துக் காயங்களில் எத்தனையோ இந்த இரண்டு அசைவுகளில் நேர்பவை.

இங்கே படிநிலையை வைத்துப் பார்க்கலாம். தேவையற்ற ரத்தப் பரிசோதனையை எழுதாமல் இருப்பது முதல் படி. அது மருத்துவர் கையில் இருக்கிறது. ரத்தம் நேராகக் குழாய்க்குள் பாயும் வெற்றிடக் குழாய் முறையைப் பயன்படுத்தினால், ஊசியால் மூடியைக் குத்தும் வேலையே ஒழிந்துவிடும். எடுத்தவுடன் முனையை மூடிக்கொள்ளும் பாதுகாப்பு ஊசிகளும் உண்டு. அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, இத்தகைய கருவிகளைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தும் கடமையை முதலாளிகள்மேல் வைத்தது. தேர்வில் ஊழியர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

விலை கட்டுப்படியாகாத சிறிய ஆய்வகம் என்ன செய்யலாம்? துளைபடாத வெள்ளை டப்பாவையும் ஊசி வெட்டும் கருவியையும் ரத்தம் எடுக்கும் நாற்காலியிலிருந்து கை நீட்டும் தூரத்தில் வைக்கலாம். டப்பா அறையின் மறுகோடியில் இருந்தால், ஊசியைக் கையில் ஏந்தி நடக்க வேண்டும். நடப்பதற்காகவே உறையை மூடத் தோன்றும். டப்பாவை இடம் மாற்றுவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி முத்திரையிட வேண்டும். நிரம்பி வழியும் டப்பாவுக்குள் ஊசியை அழுத்துவதும் ஒரு காயத்துக்கு வழி.

நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருந்து, அந்த ஊசி குத்திவிட்டால் தொற்றும் வாய்ப்பு எவ்வளவு? கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-யில், தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 விழுக்காடு வரை. ஹெபடைடிஸ் சி-யில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. எச்.ஐ.வி-யில் சுமார் 0.3 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் மூன்று. எல்லாரும் அஞ்சுவது மூன்றாவதற்கு. அதிகம் தொற்றுவது முதலாவது. உலர்ந்த ரத்தக் கறையில்கூட ஹெபடைடிஸ் பி வைரஸ் ஏழு நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. நல்லவேளையாக, மூன்றில் தடுப்பூசி உள்ளதும் அதற்குத்தான். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புப் புரத அளவைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி-யூனிட்டோ (mIU/mL) அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு ஏற்பட்டுவிட்டது. சிலருக்கு முதல் தொகுப்பில் அது ஏற்படாது; மீண்டும் போட வேண்டியிருக்கும். மூன்று ஊசியும் போட்டுவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவது பாதி வேலைதான்.

இது நிர்வாகம் மனமிரங்கிச் செய்யும் சலுகை கிடையாது. இந்தியாவின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016-இன்படி, கழிவைக் கையாளும் எல்லா ஊழியர்களுக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்டவற்றுக்குத் தடுப்பூசி போடுவதும், வேலையில் சேரும்போதும் பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடல் பரிசோதனையும் பயிற்சியும் தருவதும், விபத்துகளைப் பதிவு செய்வதும் நிறுவனத்தின் கடமை. தெருமுனையில் ஒற்றை அறையில் நடக்கும் ஆய்வகத்துக்கும் இது பொருந்தும்.

அங்கி அணிவது வீண் என்று பொருளா?

இல்லவே இல்லை. கடைசிச் சுவரும் சுவர்தான். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ஒரு திரவத்தைச் சிரிஞ்சில் எடுத்தார் 23 வயது உதவியாளர் ஒருவர். சிரிஞ்சின் உள்தண்டு கழன்று வந்துவிட்டது. அவர் ஆய்வக அங்கி அணிந்திருக்கவில்லை. செயற்கை இழை ஸ்வெட்டரில் தீ பிடித்தது. பதினெட்டு நாள் கழித்து இறந்தார். அன்று தகுந்த அங்கி இருந்திருந்தால் காயம் குறைந்திருக்கலாம். ஆனால் அவருக்கு அந்த வேலையில் போதிய பயிற்சி தரப்பட்டதா, மேற்பார்வை இருந்ததா என்ற கேள்விகளே வழக்காகி, பேராசிரியர்மேல் குற்றச்சாட்டு பதிவாகும் அளவுக்குப் போயின.

ஆக, கையுறையை அணியுங்கள். அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்துகொண்டு அணியுங்கள். ரத்தத்துக்குப் போதுமான மெல்லிய நைட்ரைல் கையுறை, பல கரைப்பான்களின் முன் சில நிமிடம்கூட நிற்காது. கையுறையோடு செல்பேசியை எடுப்பது, கதவுப் பிடியைத் தொடுவது, கணினியில் தட்டுவது, மூன்றும் கிருமியை அடுத்தவர் வெறுங்கைக்கு அனுப்பும் வழிகள். அங்கியோடு டீக்கடைக்குப் போவதும் அப்படியே.

பெயர்ப்பலகையில் இல்லாத ஊழியர்

1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், பெரியம்மை வைரஸை வைத்திருந்த ஓர் ஆய்வகத்துக்கு மேல்தளத்தில் பணிபுரிந்த ஜேனட் பார்க்கர் என்ற புகைப்படக் கலைஞருக்குப் பெரியம்மை வந்தது. அவர் அந்த வைரஸைக் கையாண்டவர் அல்லர். செப்டம்பர் 11 அன்று இறந்தார். பெரியம்மையால் உலகில் நேர்ந்த கடைசி மரணம் அது. வைரஸ் எந்த வழியாக அவரை அடைந்தது என்பது இறுதிவரை ஐயமறத் தீர்க்கப்படவில்லை.

ஆய்வகப் பாதுகாப்பு ஆய்வகக் கதவோடு முடிவதில்லை. நம் சூழலில் அந்த மேல்தளக்காரர் யார்? மாலையில் குப்பைப் பையைக் கட்டித் தூக்கும் தூய்மைப் பணியாளர். சிவப்புப் பையில் பிளாஸ்டிக்கோடு ஒரு ஊசி தவறிக் கிடந்தால், அது குத்துவது அவர் கையில் அல்லது தொடையில். அந்த ஊசி எந்த நோயாளியுடையது என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. கூர்மையானவை வெள்ளை டப்பாவுக்கு, மாசுபட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கு, ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு, கண்ணாடி நீலத்துக்கு என்ற பிரிப்பு, முதலில் அவருக்காகத்தான். தடுப்பூசிப் பட்டியலில் நுட்பநர்களின் பெயர் மட்டும் இருந்து, ஒப்பந்த முறையில் வரும் அவருடைய பெயர் விடுபட்டிருந்தால், அந்த ஆய்வகத்தைப் பாதுகாப்பான ஆய்வகம் என்று என்னால் சொல்ல முடியாது.

குத்திவிட்டால்

முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுவது. விரலை வாயில் வைக்கக் கூடாது; பிதுக்கி ரத்தம் எடுக்கக் கூடாது; ஸ்பிரிட்டோ பிளீச்சிங் கரைசலோ ஊற்றித் தேய்க்கக் கூடாது. கண்ணில் தெறித்திருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அமிலமோ காரமோ பட்டிருந்தால் குறைந்தது பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும்.

அடுத்து, உடனே தெரிவிப்பது. எச்.ஐ.வி தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். ஏ.ஆர்.டி மையம் (எச்.ஐ.வி-க்கு மருந்து தரும் மையம்) உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேட்டுப் பெறலாம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி எதிர்ப்புப் புரத ஊசி தேவைப்பட்டால், 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. அன்றே ஊழியரின் ரத்தத்தையும் பரிசோதித்து வைக்க வேண்டும். பிறகு வரும் தொற்று இந்த விபத்தால் வந்ததா என்று அப்போதுதான் சொல்ல முடியும்.

இவ்வளவும் நடக்க, ஊழியர் வாய் திறக்க வேண்டும். பலர் திறப்பதில்லை. "ஏன் கவனமாக இல்லை?" என்ற கேள்வி வரும் என்று தெரியும், வேலை போகுமோ என்ற அச்சமும் இருக்கும். பொறுப்பில் இருப்பவர் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டியவை வேறு: எந்த ஊசி, எந்த அசைவில், அப்போது டப்பா எங்கே இருந்தது, அந்த நேரத்தில் எத்தனை பேர் வரிசையில் இருந்தார்கள், எத்தனை பேர் பணியில் இருந்தார்கள். நான்கைந்து பதிவுகள் சேர்ந்ததும், காயங்கள் எல்லாம் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் ஒரே நாற்காலியில் நேர்ந்திருப்பது தெரிய வரலாம். அப்போது ஆளை மாற்ற வேண்டுமா, அந்த இரண்டு மணி நேரத்துக்கு இன்னொரு ஆளையும் இன்னொரு நாற்காலியையும் போட வேண்டுமா என்பது தானாகவே விளங்கிவிடும்.